டாஸ் காலத்து ஸ்வெட்டர் புரோகிராமை லினக்ஸுக்கு மாற்றுகிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலைந்து பேர் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில், இது என்ன புரோகிராம்?

ஸ்வெட்டரில் பின்னும் பூ, யானை, மான் போன்ற உருவங்களைக் கட்டம் கட்டமாக வரையும் புரோகிராம். ஒரு கட்டம் ஒரு பின்னல். எந்தக் கட்டத்தில் எந்த நிறக் கம்பளி என்று குறித்து, அச்சடித்து, அதைப் பார்த்துப் பின்னுவார்கள். குன்னூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ஒருவர் 1993-இல், டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக, டர்போ சி-யில் (சி மொழியில் எழுதி ஓட்டும் அந்தக் காலத்துக் கருவி) எழுதியது. அவருடைய மனைவி ஸ்வெட்டர் ஆர்டர் எடுத்துப் பின்னிக் கொடுப்பவர், அவருக்காகத்தான் எழுதினார். பிறகு அந்த அம்மாவிடம் பின்னல் கற்றவர்கள் சிலர் கைக்கும் போனது. அவர்களில் ஒருவர் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார். இந்தப் பக்கத்தில் ‘அக்கா’ என்று வரும் இடமெல்லாம் அவர்தான். ‘சார்’ என்றால் எழுதியவர்.

நீங்கள் யார்? இதற்குச் சம்பளம் உண்டா?

கிடையாது. ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறார், ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒரு தம்பி கல்லூரியில் படிக்கிறான், ஒருவர் பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். நான் கடைக்காரன். டீ செலவு என்னுடையது.

டாஸ்பாக்ஸில் ஓட்டினால் முடிந்தது. எதற்கு இவ்வளவு வேலை?

எல்லோரும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. அக்காவின் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போனபோது நாங்களும் முதலில் டாஸ்பாக்ஸைத்தான் (இன்றைய கம்ப்யூட்டருக்குள் பழைய டாஸ் கம்ப்யூட்டர் போல நடிக்கும் மென்பொருள்) போட்டுக் கொடுத்தோம். புரோகிராம் அழகாக ஓடியது. ஆனால் டாஸ்பாக்ஸ் முக்கியமாக விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. அதன் மூலப் பதிப்பில் பிரிண்டர் வசதி இல்லை. அச்சடிக்க முடியாத பின்னல் வரைபடம் அக்காவுக்கு எதற்கு? சில மாதம் திரையைப் போனில் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்த்துப் பின்னினார். கோப்புப் பெயரும் எட்டே எழுத்துக்குள் அடங்க வேண்டும். கேட்டால் அதற்கெல்லாம் பழகிவிட்டேன் என்பார், பிரிண்டுக்கு மட்டும் பழக முடியவில்லை.

டாஸ்பாக்ஸை நாங்கள் தூக்கி எறியவில்லை. பழைய மூலநிரலை (சார் கைப்பட எழுதிய நிரல்) ஓடும் புரோகிராமாகத் தொகுத்துப் பார்க்க அதற்குள்தான் டர்போ சி ஓடுகிறது. இதில் ஒரு வேடிக்கை. டர்போ சி-யில் புரோகிராமை ஓட்ட கன்ட்ரோல், எஃப்9 அழுத்த வேண்டும். டாஸ்பாக்ஸில் அதே கன்ட்ரோல், எஃப்9 அழுத்தினால் டாஸ்பாக்ஸே கேள்வி கேட்காமல் மூடிக்கொள்ளும். கல்லூரி லேபில் டர்போ சி-யின் நீலத் திரையோடு பழகிய விரல் சும்மா இருக்குமா? முதல் நாள் மட்டும் ஆறேழு முறை மூடினோம்.

போர்ட் செய்வது என்றால் புதிதாக எழுதுவதா?

இல்லை. வீட்டைக் காலி செய்து வேறு வீட்டுக்குப் போவது மாதிரி. சாமான் அதே சாமான். ஆனால் அடுப்பு மேடை உயரம் வேறு, பிளக் பாயின்ட் இருக்கும் இடம் வேறு. சாரின் நிரலில் பின்னல் பற்றிய பகுதி (நிறம் மாற்றுவது, உருவத்தைத் திருப்புவது, ஒன்றையே வரிசையாகப் பதிப்பது) அப்படியே இருக்கிறது. திரை, கீபோர்டு, ஒலி, பிரிண்டர், கோப்பு என்று இயந்திரத்தைத் தொடும் இடங்களை மட்டும் பெயர்த்து எழுதுகிறோம்.

புதிதாகவே எழுதியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று எங்களில் ஒருவர் இன்றைக்கும் சொல்கிறார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் அது வேறு புரோகிராமாக இருந்திருக்கும்.

மூலநிரல் எப்படிக் கிடைத்தது?

சார் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. மூன்றரை அங்குல ஃபிளாப்பிகள், ஒவ்வொன்றும் 1.44 எம்பி. மலையில் வருடத்தில் பாதி நாள் சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் ஃபிளாப்பி என்ன ஆகும் என்று ஊட்டி, குன்னூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலோக மூடியைத் தள்ளிப் பார்த்தால் பழுப்புத் தட்டின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். அதோடு டிரைவில் போட்டால் படிக்கும் முனை அழுக்காகி, அடுத்து போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். எனவே ஒவ்வொன்றையும் பிரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவைத்துப் படித்தோம். டிடிரெஸ்க்யூ என்ற கருவி படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். அப்படியும் ஒரு கோப்பின் நடுவில் ஓட்டை விழுந்தது. நல்ல வேளை, அதே கோப்பின் பழைய பதிப்பு இன்னொரு ஃபிளாப்பியில் இருந்தது.

சார் அனுமதி கொடுத்தாரா? உரிமம் என்ன?

கேட்டதும் சொன்னார்: “எடுத்துக்கோங்க தம்பி. ஆனா என் கோடைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.” அதையே ஒரு தாளில் முறையாக எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம் (சிரிப்பதைப் பற்றிய வரி அதில் இல்லை). ஜிபிஎல் (யாரும் எடுத்து, மாற்றி, பகிரலாம், மூலநிரலும் திறந்தே இருக்க வேண்டும் என்ற உரிமம்) மூன்றாம் பதிப்பில் வெளியிடுகிறோம். தலைப்புத் திரையில் இருந்த ஒரு படம் எங்கிருந்தோ எடுத்தது என்று அவரே சொன்னதால் அதை மட்டும் நீக்கிவிட்டோம்.

உரிமத்தில் இவ்வளவு கவனம் ஏன் என்று தம்பி கேட்டான். இரண்டு பழைய கதைகளைச் சொன்னோம். 1995-இல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் கிம்ப் என்ற பட மென்பொருளைத் தொடங்கினார்கள். 1996-இல் வந்த முதல் வெளியீடு மோட்டிஃப் என்ற வணிக நூலகத்தை (நூலகம் என்றால் மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) நம்பியிருந்தது. அது இல்லாமல் கிம்ப்பைத் தொகுக்க முடியாது. அவர்கள் மோட்டிஃபைத் தூக்கிவிட்டுத் தாங்களே ஒரு நூலகம் எழுதினார்கள். அதுதான் ஜிடிகே. அந்த ஜிடிகே-யையும் கிம்ப்பையும் டோர் லில்குவிஸ்ட் விண்டோஸுக்குக் கொண்டுபோனார்.

மற்றொன்று சாரா எக்ஸ்ட்ரீம். அருமையான வரைகலை மென்பொருள். 2006-இல் லினக்ஸுக்காக அதன் மூலநிரலை ஜிபிஎல்-இல் திறந்தார்கள். ஆனால் படத்தைத் திரையில் தீட்டும் இயந்திரப் பகுதியை மட்டும் மூடியே வைத்திருந்தார்கள். தன்னார்வலர்கள் பலருக்கு அது உறுத்தியது, அந்தப் போர்ட் பாதியிலேயே நின்றுபோனது. உப்பு மட்டும் நாங்கள் வைத்துக்கொள்கிறோம், மீதிச் சமையலை நீங்கள் பாருங்கள் என்றால் யார் வருவார்கள்?

ஏன் லினக்ஸ்? விண்டோஸ் போதாதா?

அக்கா வீட்டில் இருப்பது மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினி. அதில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. விண்டோஸ் பக்கம் ஒரு நாள் எழுந்திருக்கவே இல்லை. எழுந்திருந்தாலும் பயனில்லை, 64-பிட் விண்டோஸ் 16-பிட் டாஸ் நிரல்களை ஓட்டாது.

எஸ்டிஎல் என்ற நூலகத்தில் (திரை, கீபோர்டு, ஒலியைப் பல இயங்குதளங்களில் ஒரே மாதிரி கையாள உதவுவது) எழுதுவதால் விண்டோஸுக்கும் பின்னால் தொகுத்துவிடலாம். இப்போதைக்கு யாரும் கேட்கவில்லை.

எஸ்டிஎல் எதற்கு? ஜிடிகே, க்யூடி எல்லாம் இருக்கிறதே?

சாரின் நிரலைப் பார்த்தால் புரியும். நாங்களெல்லாம் கல்லூரியில் டர்போ சி-யில் படம் வரைய இனிட்கிராஃப் என்ற கட்டளையை எழுதி, அதற்கு வேண்டிய பிஜிஐ கோப்பு இருக்கும் பாதையைத் தப்பாகக் கொடுத்து, திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். சார் அந்தப் பக்கமே போகவில்லை. விஜிஏ (அந்தக் காலத்துத் திரை அமைப்பு) தரும் 320×200, 256 நிறத் திரையை எடுத்து, நேரே வீடியோ நினைவகத்தில் எழுதியிருக்கிறார். ஒரு புள்ளிக்கு ஒரு பைட், ஆக 64,000 பைட். டாஸின் 64 கேபி பகுதிக்குள், அதாவது 65,536 பைட்டுக்குள், அது கச்சிதமாக அடங்கும். வரிசை எண்ணை 320-ஆல் பெருக்கி, நெடுவரிசை எண்ணைக் கூட்டினால் புள்ளி இருக்கும் இடம் வந்துவிடும். அவ்வளவுதான்.

இப்படி எழுதியதைப் பொத்தான்களும் பெட்டிகளும் தரும் ஜிடிகே, க்யூடி போன்ற நூலகத்துக்கு மாற்றினால் பாதி நிரலைக் கிழிக்க வேண்டும். எஸ்டிஎல்-இல் அந்த 64,000 பைட்டைச் சாதாரண அணியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைத் திரைக்கு அனுப்பினால் போதும். முதல் சில வாரங்கள் அப்படித்தான் ஓட்டினோம். கிராஃப்எக்ஸ்2 என்ற ஓவிய மென்பொருளும் இந்த வழியில் வந்ததுதான். டாஸில் பிறந்தது, 2001-இல் ஜிபிஎல் ஆனது, 2007-இல் எஸ்டிஎல்-க்குப் பெயர்க்கத் தொடங்கினார்கள். எங்களுக்கு அது அண்ணன் முறை.

சிக்கல் ஒன்று உண்டு. டாஸில் ‘கெட்ச்’ என்று எழுதினால் யாராவது விசையை அழுத்தும்வரை உலகமே காத்திருக்கும். எஸ்டிஎல்-இல் அப்படிச் சும்மா காத்திருந்தால், புரோகிராம் செத்துவிட்டது என்று லினக்ஸ் நினைத்துக்கொண்டு மூடட்டுமா என்று கேட்கும். ஆகவே எங்கள் கெட்ச், வெளியில் சும்மா இருப்பதுபோல் தெரிந்தாலும், உள்ளே நிகழ்வுகளை வாங்கிக்கொண்டே இருக்கும்.

பழைய கோப்புகள் திறக்குமா?

இப்போது திறக்கும். முதலில் திறந்தபோது, 60 கட்ட அகலமுள்ள ஒரு குழந்தை ஸ்வெட்டரின் அகலம் 11,79,01,056 கட்டம் என்று காட்டிவிட்டு நிரல் விழுந்தது.

காரணம் இது. கோப்பின் தலைப்பில் மூன்று தகவல்: பதிப்பு எண் ஒரு பைட், அகலம் ஓர் இன்ட் (சி மொழியில் முழு எண்), உயரம் ஓர் இன்ட். சார் இந்த மூன்றையும் சேர்த்து வைத்த ஸ்ட்ரக்சரை அப்படியே எஃப்ரைட் போட்டு வட்டில் எழுதிவிட்டார். டர்போ சி-யில் இன்ட் என்றால் 2 பைட், நடுவில் இடைவெளியும் விடாது. மொத்தம் 5 பைட். லினக்ஸில் நாங்கள் தொகுக்கப் பயன்படுத்தும் ஜிசிசி-யில் இன்ட் 4 பைட். பதிப்பு எண்ணுக்கும் அகலத்துக்கும் நடுவில் 3 பைட் காலியாகவும் விடும். மொத்தம் 12. அதனால் புதிய நிரல் அகலம் இருக்கும் இடத்தைத் தாண்டிப்போய், உயரத்தின் வாலையும் முதல் மூன்று கட்டங்களின் நிற எண்ணையும் (பின்னணிச் சாம்பல், எண் 7) சேர்த்து ஒரே எண்ணாகப் படித்துவிட்டது. இப்போது ஸ்ட்ரக்சரை மொத்தமாக வாங்காமல், ஒவ்வொரு பைட்டாக வாங்கி நாமே கோக்கிறோம்.

சரிபார்க்க அக்காவின் பழைய கோப்புகளே உதவுகின்றன. ஒரு கோப்பை டாஸ்பாக்ஸில் திறந்து, கன்ட்ரோல், எஃப்5 அழுத்தித் திரையைப் படமாகப் பிடிப்போம். அதையே புதியதில் திறந்து, இரண்டு வரைபடத்தையும் கட்டம் கட்டமாக ஒப்பிடுவோம். ஒரு கட்டம் மாறினாலும் அந்த ஞாயிறு அதிலேயே போகும்.

திரையில் வெள்ளையாக இருக்கும் கம்பளி, அச்சில் ஏன் புள்ளி புள்ளியாக வந்தது?

விஜிஏ-யில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 63 வரைதான். இன்றைய திரைக்கு 0 முதல் 255 வரை. நான்கால் பெருக்கினால் சரி என்று நினைத்தோம். 63-ஐ நான்கால் பெருக்கினால் 252. கண்ணுக்கு அது வெள்ளைதான். லேசர் பிரிண்டருக்கு அல்ல. முழு வெள்ளை இல்லாத இடத்தில் அது லேசாகப் புள்ளி வைக்கிறது. 255-ஆல் பெருக்கி 63-ஆல் வகுத்ததும் தாள் சுத்தமானது.

உருவங்கள் நசுங்கியது போல் தெரிகிறதே?

பழைய பதிப்பில்தான். இருந்தாலும் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்களை அதிகம் சுற்றவிட்டது இதுதான்.

முதல் பதிப்பைப் பார்த்ததும் அக்கா கேட்டார்: “யானை ஏன் பட்டினி கிடந்த மாதிரி நசுங்கியிருக்கு?” நாங்கள் நிரலைத் துருவினோம். ஒரு கட்டம் ஆறு புள்ளி அகலம், நாலு புள்ளி உயரம். சாரின் நிரலிலும் அதே ஆறு, நாலு. ஒன்றும் மாறவில்லை.

மாறியது புள்ளி. பழைய மானிட்டர் நாலுக்கு மூன்று என்ற வடிவம். அதில் 320×200-ஐ முழுத் திரைக்கு நிரப்பினால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருக்கும். அப்படியானால் ஆறுக்கு நாலு என்பது கண்ணுக்கு ஆறுக்கு 4.8. விகிதம் 1.25. இன்றைய திரையில் புள்ளி சதுரம், விகிதம் 1.5 ஆகிவிடுகிறது.

இது தற்செயலா என்று சாரிடம் கேட்டோம். “வீட்டுல ஸ்கேல் வெச்சு அளந்தோம் தம்பி” என்றார். அவர் மனைவி பின்னும் இறுக்கத்தில் 10 சென்டிமீட்டருக்கு 20 பின்னல், 25 வரிசை. ஒரு பின்னல் 5 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் உயரம். அதுவும் 1.25. திரையில் பார்க்கும் யானையும் நெஞ்சில் வரும் யானையும் ஒரே உடல்வாகாக இருக்க வேண்டும் என்று மனிதர் கணக்குப் போட்டிருக்கிறார். நாங்கள் அனுப்பிய பதிப்பில் யானை குட்டையாகத் தெரிந்ததால் அக்கா நாலு வரிசை கூட்டியிருந்தால், ஸ்வெட்டரில் அது ஒட்டகமாகியிருக்கும்.

பழைய திரையையே பெரிதாக்கிக் காட்டலாமா என்று பார்த்தோம். 1366×768 திரையில் 960×720 வரை போகலாம். அகலத்தில் சரியாக மூன்று மடங்கு, உயரத்தில் 3.6 மடங்கு. அந்த 0.6-ஆல் சில வரிசை தடிப்பாகவும் சில வரிசை ஒல்லியாகவும் வரும், எண்ணிப் பின்னுகிறவருக்கு அது நரகம். ஆகவே கட்டங்களை மட்டும் தனியாக, 15 புள்ளி அகலம் 12 புள்ளி உயரத்தில், நேரடியாக வரைகிறோம்.

நகர்த்தும்போது ‘பீப்’ என்று கத்துகிறது. நிறுத்த முடியாதா?

முடியும், அமைப்பில் இருக்கிறது. ஆனால் இயல்பாகக் கத்தும்.

நிரலில் ஓர் இடத்தில் சவுண்ட், டிலே 20, நோசவுண்ட் என்று மூன்று வரி இருந்தது. பத்துக் கட்டத்துக்கு ஒரு முறை ஸ்பீக்கர் ஒலிக்கும். சோதனைக்காக எழுதி எடுக்க மறந்தது என்று நினைத்து நாங்கள் நீக்கிவிட்டோம். அடுத்த வாரம் அக்கா கொண்டுவந்த கோப்பில் ஒரு மான் கொம்பு ஒரு கட்டம் தள்ளி இருந்தது. அவர் அப்படித் தப்பு செய்கிறவர் இல்லை.

வீட்டுக்குப் போய் அவர் வேலை செய்வதைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பழைய ஸ்வெட்டர் ஒன்று மடியில் விரித்திருக்கிறது. அதிலுள்ள உருவத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றுகிறார். இடது கை ஆள்காட்டி விரல் கம்பளியில் ஒவ்வொரு பின்னலாக நகர்கிறது. வலது கை அம்புக்குறி விசையில். கண் ஸ்வெட்டரை விட்டு எழுவதே இல்லை. பத்து வந்ததா என்று அவருக்குச் சொல்வது காது.

பீப்பைத் திரும்ப வைத்தோம். அதற்குப் பிறகும் தாமதமாக வருகிறது என்றார். நாங்கள் எஸ்டிஎல் ஒலிக்கு 4,096 மாதிரிகள் (ஒலியின் சின்னத் துணுக்குகள்) கொண்ட தாங்ககம் (ஒலி வெளியே போகும் முன் காத்திருக்கும் இடம்) வைத்திருந்தோம். விநாடிக்கு 44,100 மாதிரி என்றால் அதுவே 93 மில்லிவிநாடி. வேகமாக நகர்த்தினால் பீப் வருவதற்குள் விரல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். 512-ஆகக் குறைத்ததும் 12 மில்லிவிநாடிக்குள் வந்தது. பீப்போடு வரும் 20 மில்லிவிநாடித் தடையையும் திரும்ப வைத்துவிட்டோம், கையில் ஒரு சின்னத் தட்டு மாதிரி உணர்வு அது.

தமிழ் எழுத்துகள் சரியாக வருமா?

சார் தமிழுக்குத் தானே எழுத்துரு வரைந்து, தானே எண் கொடுத்திருந்தார். எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். ‘கோ’ என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் க முதலில், ஓகாரக் குறி பிறகு. நேரடியாக மாற்றியதில் எங்கள் ஊர்ப் பெயரே ‘ேகாத்தகிரி’ என்று வந்தது. கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தைத் தாண்டிக் கொண்டுபோய் வைக்கும் சிறு நிரல் எழுதினோம். ஒகரமும் ஔகாரமும் கொஞ்சம் தொல்லை கொடுத்தன. இப்போது சரி.

பிரிண்ட்?

பழையது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு எஸ்கேப் குறிகளை (அந்தப் பிரிண்டருக்குப் புரியும் கட்டளைகள்) அனுப்பும். அந்தப் பகுதியை முழுதாக எடுத்துவிட்டோம். புதியது பிடிஎஃப் ஆக்கும். பல பக்கமாக ஒட்ட வேண்டிய பெரிய வரைபடத்தில் ஓரங்கள் இன்னும் பொருந்தவில்லை.

மவுஸ் வேலை செய்யுமா?

செய்யும். அக்கா தொட்டதில்லை.

தோடர்களின் பூத்தையல் வடிவங்களைச் சேர்ப்பீர்களா? நீலகிரி என்றாலே அதுதானே?

மாட்டோம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் அந்தத் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, நூலிழையை எண்ணியே போடுகிறார்கள். அவர்களுக்கு எங்கள் புரோகிராம் தேவையில்லை. அந்த வடிவங்களை எடுத்து ஒரு கோப்பில் போட்டு ஊருக்கெல்லாம் கொடுக்கும் உரிமை எங்களுக்கும் இல்லை.

போனில் வருமா?

பத்துக் கட்டத்துக்கு ஒரு பீப், அம்புக்குறி விசை, பார்க்காமல் அழுத்தும் விரல். தொடுதிரையில் இதெல்லாம் எப்படி? யோசனை இருந்தால் வந்து சொல்லுங்கள்.

நான் எப்படி உதவலாம்?

சி தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் ஃபிளாப்பியோடு வாருங்கள். டிரைவில் போட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள், பூஞ்சணக் கதைதான் மேலே சொல்லியாகிவிட்டதே. பின்னத் தெரிந்தவர்கள்தான் அதிகம் தேவை. எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் ஊசி பிடிக்கத் தெரியாது.

வடகிழக்குப் பருவமழையில் கரண்ட் போனாலோ, மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்தாலோ அந்த வாரம் கூட்டம் இல்லை. ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களிலும் இல்லை.

எப்போது முழுதாக வெளியிடுவீர்கள்?

பிரிண்ட் ஓரம் சரியானதும். அதற்கு முன்னால் ஒரு சண்டை தீர வேண்டும். பழைய புரோகிராமில் எஸ்கேப்பை இரண்டு முறை அழுத்தினால் எதுவும் கேட்காமல் வெளியே வந்துவிடும். சேமிக்காதது போனது போனதுதான். புதியதில் ‘சேமிக்கவா?’ என்று ஒரு கேள்வி வைத்தோம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருடமாகச் சேமித்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன், இது யார் என்னைக் கேட்க என்கிறார். எங்களில் ஆசிரியை மட்டும் அக்காவின் பக்கம். மற்ற நாலு பேரும் கேள்வி இருக்கட்டும் என்கிறோம். போன ஞாயிறும் அது முடியவில்லை.